குட்டையிலிருந்து வந்த பங்காளி

செம்பாறைப்பாளையத்துக் குட்டையிலிருந்து அது கரையேறி வந்த காலையில், பால் சொசைட்டி வாசலில் கேனோடு நின்றிருந்த எங்களில் ஒருவருக்கும் அது என்னவென்று கேட்கத் தோன்றவில்லை; வரிசைக்குக் குறுக்கே வந்து படுத்துக்கொண்டதே என்ற எரிச்சல்தான் எல்லோருக்கும். கயிற்றுக் கட்டில் அளவு இருந்தது. கை கிடையாது, கால் கிடையாது, முகம் பார்த்துப் பேச முகமும் கிடையாது. வடித்த கஞ்சி ஆறி ஆடை கட்டினால் எப்படியோ அப்படி ஓர் உடம்பு. போக நினைத்த திசையில் உடம்பே ஒரு காலாக நீளும், நீண்ட காலுக்குள் மிச்ச உடம்பு மெல்ல வழிந்து சேரும், சேர்ந்ததும் கால் இருந்த இடம் தெரியாமல் போகும். "சித்தெ அக்கட்டப் போ சாமி, பால் வண்டி வர்ற நேரம்" என்று ராமாத்தாள் கேனால் லேசாகத் தட்டிச் சொன்னாள். அது நகர்ந்துகொண்டது. வண்டி வந்தது, பால் ஊற்றினோம், வீட்டுக்குப் போனோம்.

அதன் பிறகு அது தினமும் வந்தது. உதிர்ந்த வேப்பிலையை, சிந்திய தவிட்டை, டீக்கடைக் காகிதக் கப்பைச் சுற்றி வளைத்து உள்ளே வாங்கிக்கொண்டு, வேண்டாததை மறுநாள் வேறொரு வீட்டு வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போகும். இப்படித் தொலைந்த செருப்புகள் எல்லாம் புதுச் செருப்பு போலத் திரும்பி வந்ததால் யாரும் பெரிதாகக் கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நாளில் மேற்கே பழைய கல்குவாரிக் குழியிலிருந்து இன்னொன்று வந்தது. அதே அளவு, அதே நிறம், அதே நடை. இரண்டும் அருகருகே கிடந்தால் எது எதுவென்று பெற்றவளுக்கே தெரியாது, பெற்றவள் என்று ஒருத்தி இருந்திருந்தால். குட்டையிலிருந்து வந்ததைக் குட்டையப்பன் என்றும் குழியிலிருந்து வந்ததைக் குழியாத்தாள் என்றும் கூப்பிட்டோம்.

அது மழை பொய்த்த வருடம். எங்கள் பக்கத்தில் வானம் கண் திறக்காவிட்டால் கழுதைக்குக் கழுதை கல்யாணம் செய்துவைப்பது வழக்கம். தாலி கட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஊர்வலம் விட்டால் மழை வந்தே தீரும். வராவிட்டால் அது கழுதையின் குற்றம். ஆனால் அந்த வருடம் சுற்றுவட்டாரத்தில் கழுதை மருந்துக்கும் கிடைக்கவில்லை. வாசலிலேயே ஜோடி கிடக்கும்போது கழுதையை எதற்குத் தேடுவது என்று டீக்கடையில் யாரோ கேட்டார்கள். கேட்டது நியாயமாகப் பட்டது. குட்டையப்பன் மாப்பிள்ளை, குழியாத்தாள் பெண் என்று முடிவாகி, பந்தல்காரருக்கும் சொல்லியாகிவிட்டது.

தடுத்தவர் அருமைக்காரர் பொங்கியண்ணன். எங்கள் சனத்தில் கல்யாணத்தை முன்னால் நின்று நடத்திக் கொடுப்பவருக்கு அருமைக்காரர் என்று பெயர். அவர் வாழ்த்தாமல் தாலி ஏறாது. பொங்கியண்ணனுக்குப் பாம்புக்குப் பயமில்லை, போலீசுக்குப் பயமில்லை, முறை தப்பிப் போவதற்கு மட்டும் பயம். "ரெண்டும் ஒரே சாடையில இருக்குதுங்க" என்றார். "ஒரே கூட்டமா இருந்து, அண்ணன் தங்கச்சியக் கட்டி வெச்சுப்போட்டம்னா, மழை வர்றது இருக்கட்டும், கெணத்துல கெடக்கற தண்ணியும் போயிரும். மொறை பார்க்காம நான் மணவறைப் பக்கமே வரமாட்டேன்."

கொக்குக் கூட்டம், கீரிக் கூட்டம் என்று நாங்கள் கூட்டம் கூட்டமாகப் பிரிந்திருக்கிறோம். ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள், ஜென்மத்துக்கும் ஒருவரை ஒருவர் பார்த்திராவிட்டாலும், பங்காளிகள். அதாவது அண்ணன் தங்கை. வேறு கூட்டத்தார்தான் மாமன் மச்சான், அங்கேதான் பெண் கொடுக்கலாம், எடுக்கலாம். இந்த ஒரு விதியில்தான் நல்லசிவத்தின் மகள் தாரணியின் வாழ்க்கை மாட்டிக்கொண்டு கிடந்தது.

தாரணி கோயம்புத்தூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாள். கண்ணுக்குத் தெரியாத அமீபாக்களை மண்ணிலிருந்தும் சேற்றிலிருந்தும் பிடித்து, எது எதற்குச் சொந்தம் என்று மரபணுவைப் படித்துச் சொல்வது வேலை. அங்கேயே வேலை பார்த்த செந்தூரனைத்தான் கட்டுவேன் என்றாள். பையன் ஓடைப்புதூர், நல்ல பிள்ளை, குடி கிடையாது, ஆனால் கொக்குக் கூட்டம். இவர்களும் கொக்குக் கூட்டம். இரண்டு குடும்பத்துக்கும் ஒரு கல்யாணத்திலோ ஒரு இழவிலோகூடப் பழக்கம் இருந்ததில்லை. போன மாதம்தான் மாரியம்மன் கோயில் மண்டபத்தில், ஊர்ப் பெரியவர்கள் முன்னால், "ஆயிரம் வருசமானாலும் பங்காளி பங்காளிதான், என்ற உசுரு இருக்கற வரைக்கும் இது நடக்காது" என்று நல்லசிவம் அடித்துச் சொல்லிவிட்டார். தாரணி அழவில்லை. அவனில்லை என்றால் யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனவள், இரண்டுக்கும் முறை பார்த்துச் சொல்ல ஊர் கூப்பிட்டனுப்பியதால்தான் இப்போது வந்தாள்.

வந்தவள் குட்டையப்பனைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சொசைட்டிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். "இத்தன வருசமா பூதக்கண்ணாடி வெச்சு இதைத்தானுங்க தேடிக்கிட்டு இருந்தேன்" என்றாள். எங்களுக்கு அவள் அதிர்ச்சி வேடிக்கையாக இருந்தது. பிறகு இரண்டின் உடம்பிலிருந்தும் ஒரு கரண்டி வழித்து, தனித்தனிக் குப்பியில் அடைத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளும் நிலையில் ஊர் இருந்தது, தனக்குத் தோதாக எதையாவது சொல்லிவிடலாமே என்று எங்களில் சிலர் நினைத்ததும் உண்மை. அவளுக்குப் பொய் வராது. அது அவள் அப்பனிடமிருந்து வந்தது.

ஆவணி பிறந்த பிறகு திரும்பி வந்தாள். மண்டபம் நிரம்பி, மதில் மேலும் ஆள் இருந்தது. கையில் இருந்த பெரிய தாளை விரித்துச் சுவரில் ஒட்டினாள்; கிளை பிரிந்து பிரிந்து போகிற ஒரு மரம் வரைந்திருந்தது, பூ இல்லை, இலை இல்லை, நுனிதோறும் ஒரு பெயர். "ஒரே தப்பு ரெண்டு கல்யாணப் பத்திரிகையில இருந்தா, ரெண்டும் ஒரே அச்சுல அடிச்சதுன்னு சொல்லுவீங்கல்ல?" என்று கேட்டாள். "ஒவ்வொரு உசுருக்குள்ளயும் நாலே எழுத்துல எழுதின பத்திரிகை இருக்குதுங்க. அதைத் தலைமுறை தலைமுறையா நகல் எடுக்கறப்ப தப்பு விழும். அந்தத் தப்பை ஒத்துப் பார்த்தா யாரு யாரோட ஒறம்பரைன்னு தெரிஞ்சுரும். ஒரு மரபணுவை மட்டும் பார்த்தா ஏமாத்திப்போடும்; ஒரே ஒரு சித்தப்பனைக் கேட்டு மொறை முடிவு பண்ணுவீங்களா? நான் நூத்துக்கணக்குல பார்த்துட்டேன்."

"அண்ணன் தங்கச்சியா, இல்லையா கண்ணு? அதைச் சொல்லு" என்றார் பொங்கியண்ணன்.

"இல்லீங்க. ரெண்டுக்கும் சாடைதான் ஒண்ணு. குழியாத்தா கடல்ல இருக்கற பழுப்புப் பாசிக்குப் பக்கத்துச் சொந்தம். இந்தக் கெளை. குட்டையப்பன் அங்க இல்லீங்க." அவள் விரல் தாளின் மறுகோடிக்குப் போனது. "இங்க இருக்குது. இந்தக் கெளையில."

அந்தக் கிளையின் நுனியில் ஒரு மனுஷன் படம் வரைந்திருந்தது.

"அது யாரு?"

"நாமதானுங்க."

அச்சில் வார்த்தது போல இருக்கிற இரண்டு, ஒன்றுக்கொன்று யாரோ. கையும் காலும் மூக்கும் முழியுமாக இருக்கிற நாங்கள், அந்தக் கஞ்சித் தண்ணீருக்குச் சொந்தம். பொங்கியண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டார். ஆனால் முறை என்று வந்துவிட்டால் அவருக்கு மூளை தானாக ஓடும். "சரி, மாப்பிள்ளை நம்ம பக்கம்னு ஆயிப்போச்சு. பங்காளி வீட்டுலதானே பந்தக்கால் நடோணும்? நம்மள்ல எந்தக் கூட்டத்துக்குக் கண்ணு இது பங்காளி?"

"எல்லாக் கூட்டத்துக்குமுங்க."

"கொக்குக்குமா, கீரிக்குமா?"

"எல்லாருக்குமே. கோழிக்கும், காளானுக்கும்கூட. நாம எல்லாரும் ஒரே கெளை. ஆனா அது நூறு கோடி வருசத்துக்கு மேலயே பிரிஞ்சதுங்க. அதுக்கும் கீழ போனா குழியாத்தாளும்..."

"போதும்! அதுக்குக் கீழ போகாத!" என்று கத்தினார் பொங்கியண்ணன், பந்தல் போட்ட கல்யாணமாவது மிஞ்சட்டும் என்று. பிறகு விரலால் மரத்தைத் தடவிக்கொண்டே, தனக்குத்தானே சொல்வதுபோல அந்த வார்த்தையைச் சொன்னார். "குட்டையப்பன் எனக்கும் பங்காளி. குட்டையப்பன் என்ற சம்சாரத்துக்கும் பங்காளி. பங்காளிக்குப் பங்காளி, பங்காளி."

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆண்கள் பக்கமிருந்து பெண்கள் பக்கத்தையும், பெண்கள் பக்கமிருந்து ஆண்கள் பக்கத்தையும் ஒரு தடவை பார்த்தோம், பார்த்தவுடன் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். நூறு கோடி வருசம் ஆச்சே என்று தாரணி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "உங்கய்யன் என்ன சொன்னாரு? ஆயிரம் வருசமானாலும் பங்காளி பங்காளிதான்னாரா இல்லையா?" என்றார் அருமைக்காரர். "ஆயிரத்துக்கு ஒண்ணு, கோடிக்கு ஒண்ணுன்னு சாஸ்திரம் இருக்குதா?"



குட்டையப்பனுக்கும் குழியாத்தாளுக்கும் கல்யாணம் நடந்தது; மணவறையில் இரண்டையும் அருகருகே விட்டதும் மாலையை ஆளுக்குப் பாதியாக உள்ளே வாங்கிக்கொண்டு, வந்த வழியே போய்விட்டன. அன்று சாயங்காலமே மழை கொட்டியது, குட்டை நிரம்பி மறுகால் பாய்ந்தது, அதைப் பார்க்க ஒரு ஆள் வெளியே வரவில்லை, ஏனென்றால் ஊர் முழுக்க வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, இத்தனை காலம் குடும்பம் நடத்தியது அண்ணனோடா, தங்கையோடா என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஆண்கள் எல்லாம் பாயைச் சுருட்டிக்கொண்டு சொசைட்டிக் கட்டடத்துக்குக் குடிபோனார்கள். புதிதாகக் கல்யாணமான ஒரு பையன் மட்டும் எனக்கு எந்த மரமும் தெரியாது என்று மறுத்துப் பார்த்தான். அவன் பெண்டாட்டியே ஒரு வாளித் தண்ணீரை அவன் தலையில் ஊற்றி அனுப்பிவைத்தாள். பெண்டாட்டி தங்கை என்றால், தான் பெற்ற பிள்ளைக்குத் தானே தாய்மாமன். காது குத்துக்கு மடியில் வைப்பதும் அவன்தான், சீர் எடுத்து வருவதும் அவன்தான், வாசலில் நின்று அந்தச் சீரை வாங்குவதும் அவன்தான். ராமாத்தாள் புருஷன் சீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாக வந்து, தட்டை வைத்துவிட்டு, பின்வாசல் வழியாக ஓடி வந்து அதை எடுத்துக்கொண்டதை நாங்கள் கண்ணால் பார்த்தோம், சிரிக்கத் தெம்பில்லை.

அதைவிடக் கொடுமை தீட்டு. பங்காளி செத்தால் துக்கம் காக்க வேண்டும். எங்கள் ஊரைச் சுற்றி இருப்பதெல்லாம் பிராய்லர் பண்ணைகள், கோழி சாகாத நாள் ஏது? ஒரு கோழியின் தீட்டு கழிவதற்குள் அடுத்த லாரி கிளம்பிவிடும். கோயில் நடை சாத்தியது சாத்தியபடி கிடந்தது. புரட்டாசி வந்தது, விளக்கு எரியவில்லை. காளான் கூடையோடு வந்த வியாபாரியைப் பார்த்துப் பெண்கள் தலைதலையாக அடித்துக்கொண்டு அழுதார்கள், அவன் கூடையைப் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தான்.

இத்தனையிலும் நிமிர்ந்து நடந்தது நல்லசிவத்தின் மனைவி மயிலாத்தாள் ஒருத்திதான். மகள் விஷயத்தில் புருஷனுக்கு எதிராக ஒரு வார்த்தை பேசாதவள். மண்டபத்தில் மறுபடி கூட்டம் கூடிய அன்று, நடுவில் வந்து நின்று, எல்லோர் காதிலும் விழும்படி, "அண்ணா" என்று கூப்பிட்டாள்.

கூப்பிட்டது நல்லசிவத்தை. கல்யாணமான நாளிலிருந்து "ஏனுங் மாமா" என்ற வாய் அது. மற்ற பெண்கள் புருஷனைத் தள்ளி வைத்தார்களே தவிர, அந்த வார்த்தையை வாயால் சொல்லத் துணிந்தவர் யாருமில்லை. நல்லசிவத்தின் முகம் சாம்பல் பூத்துப் போனது.

"அப்பனா இருந்து என்ற புள்ளைக்கு வேண்டாம்னு சொன்னீங்க. சரி. இப்ப நீங்க அவளுக்குத் தாய்மாமன். தாய்மாமன் என்ன சொல்றீங்க அண்ணா?"

"அப்படிக் கூப்புடாத மயிலா."

"எப்படிக் கூப்புடறதுங்க? பங்காளி பங்காளிதானுங்களே. ஆயிரம் வருசமானாலும்."

அந்த மனுஷன் அழுததை அதற்கு முன் நாங்கள் பார்த்ததில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு, துண்டுக்குள்ளிருந்தே சொன்னார். "பேரு தெரிஞ்ச பாட்டன் வரைக்கும்தாம்ப்பா பங்காளி. பேரு தெரியாத பாட்டன் யாருக்கும் பாட்டனில்லை. அதுக்கு மேல பார்த்தம்னா ஒருத்தனும் ஊட்டுக்குப் போக முடியாது." அப்பாடா என்று ஊரே மூச்சு விட்டது. பொங்கியண்ணன் எழுந்து, அது அப்படியே ஆகட்டும் என்று கை தூக்கி வாழ்த்தினார், வாழ்த்திய கையோடு பாயைச் சுருட்டிக்கொண்டு முதல் ஆளாக வீட்டுக்கு ஓடினார். அன்று எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் பலகாரம் சுட்டார்கள்.

மயிலாத்தாள் மட்டும் சுடவில்லை. "புள்ள கழுத்துல தாலி ஏறட்டும். அப்பறம் மாமாங்கறேன்" என்றுவிட்டாள்.

எனவே நல்லசிவம், தட்டில் வெற்றிலை பாக்கும் பழமும் எடுத்துக்கொண்டு, மானத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, மனைவியோடு ஓடைப்புதூர் போனார். செந்தூரனின் அப்பா காளியப்பன் தண்ணீர் கொடுத்தார், நாற்காலி போட்டார், சொன்னதை எல்லாம் கேட்டார். கேட்டுவிட்டுத் தட்டைத் தொடாமல் நகர்த்தி வைத்தார். "உங்க ஊர்ல என்னமோ வந்ததுன்னு கேள்விப்பட்டனுங்க. எங்க ஊர்ல அப்படி ஒண்ணும் வரலீங்க. நாங்க இன்னும் மனுசனாட்டத்தான் இருக்கறம். ஆயிரம் வருசமானாலும் பங்காளி பங்காளிதானுங்க."

தன் வாயிலிருந்து போன வார்த்தை இன்னொருத்தன் வாயிலிருந்து அட்சரம் பிசகாமல் திரும்பி வந்ததைக் கேட்டு நல்லசிவம் அப்படியே உறைந்து போனார். தாரணியிடம் போனில் மயிலாத்தாள்தான் சொன்னாள். மறுமுனையில் அவள், சரிம்மா, என்று மட்டும் சொன்னாளாம். இனி யாரிடமும் கேட்க வேண்டாம் என்றாளாம்.

மறுநாள் விடிந்ததும் நல்லசிவம் குட்டைக்கரையில் போய் உட்கார்ந்ததை, பால் ஊற்றப் போன நாங்கள் பார்த்தோம். குட்டையப்பன் கரையேறியதும் எழுந்து நின்று, மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டு, கல்யாண வீட்டுக்கு வந்த ஒறம்பரையிடம் பேசுவது போலப் பேசினார். "ஏனுங் பங்காளி, புள்ளைக்கு ஒரு காரியம் ஆகோணும். சிரமம் பார்க்காம ஒரு எட்டு வரோணும்." அது கொஞ்ச நேரம் யோசித்தது, அல்லது யோசிப்பது போலக் கிடந்தது. பிறகு ஒரு காலை நீட்டி, அவர் கொண்டுவந்திருந்த குட்டியானைச் சரக்கு வண்டியின் பின்பலகையைத் தொட்டது. நீட்டிய காலுக்குள் மிச்ச உடம்பு வழிந்து வண்டியில் ஏறிச் சேர்ந்தது. மேலே ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டார். கூடவே வந்திருந்த மயிலாத்தாள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

ஓடைப்புதூர் குளம் காளியப்பன் வீட்டுக்கு எதிரிலேயே இருந்தது. நல்ல வெயில் ஏறிய நேரம். வண்டி வந்து நின்ற சத்தத்துக்குக் காளியப்பன் வெளியே வந்து பார்த்தபோது, சாக்கைத் தள்ளிவிட்டு அது இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கி, கரையில் படுத்து, ஒரு பக்கமாக நீண்டு, தண்ணீரை ருசி பார்த்தது. அவர் பயப்படவில்லை. எங்கள் பக்கத்து மனுஷன் அல்லவா.

"இது யாருங்க?" என்று கேட்டார்.

"என்ற பங்காளிங்க" என்றார் நல்லசிவம். "உங்களுக்கும் பங்காளி. உங்க ஊட்டுலயும் பங்காளிதானுங்க."

காளியப்பனுக்கு விஷயம் உறைக்க அதிக நேரம் ஆகவில்லை. திரும்பித் தன் வீட்டைப் பார்த்தார். வாசலில் சோளம் காயவைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி, கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, குளத்துப் பக்கம் என்ன கூட்டம் என்று பார்த்தாள்.

மயிலாத்தாள் வண்டியிலிருந்து தலையை நீட்டி, அவளைப் பார்த்து உரக்கச் சொன்னாள். "ஏனுங் அக்கா, சித்தெ இங்க வாங்க. உங்க அண்ணன் என்னமோ பேயறைஞ்சாப்பல நிக்கறாருங்க."